பள்ளிக்கூட அணியா, கிளப் அணியா?

(நமது முன்னாள் மாணவியர் சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் வரலாற்றுத் துறை முன்னாள் மாணவி, 1976–79. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை, கப்பலூர்.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "அக்கா, நீங்க பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். பத்து நிமிஷம் என்பது எனக்கு வார்ம்-அப்புக்கே பத்தாது. ஆனாலும் சரி என்று ஒத்துக்கொண்டேன். அப்போது என் மனசில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. அதை யாரிடமாவது இறக்கி வைக்கவேண்டியிருந்தது.

கப்பலூர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு டோல்கேட்தான் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு மில். "கடலே இல்லாத ஊருக்கு எதுக்குடி கப்பல்?" என்று ஹாஸ்டலில் என்னைக் கேலி செய்தவர்கள் இந்த மண்டபத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்து, இங்கே பி.ஏ. முடித்து, அப்புறம் உடற்கல்விப் படிப்பும் படித்து, திருமங்கலம் சுற்று வட்டாரத்திலேயே 32 வருஷம் விசில் ஊதி, 2016-ல் ஓய்வு பெற்றேன். விசிலை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்தில் பதினாலு வயசுப் பிள்ளை ஒன்று. பெண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் படி ஏறியதில் தெரிந்தது. வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம் அடுத்த படி. என்னிடம் படித்தவள். 2010-ல் என் பள்ளி அணியின் சென்டர் ஃபார்வர்டு. இப்போது சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போடுகிறாள்.

"டீச்சர், இது எங்க அண்ணன் மக. ஒன்பதாப்பு. நல்லா ஆடுறா. மதுரைல ஒரு கிளப்புல கூப்பிடுறாக. ஹாஸ்டல்லயே தங்கி ஆடணுமாம், படிப்பும் அங்கிட்டே பாத்துக்கிருவாகளாம். அண்ணே என்னையக் கேக்குது. நான் உங்களைக் கேக்க வந்தேன். அனுப்பவா, வேணாமா?"

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பேன். இவள் கேட்டதால் காபி போடுகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாம் படித்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. நமக்கு டென்னிகாய்ட், த்ரோபால், பால் பேட்மிண்டன். தாவணியை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஆடினோம். பந்தைக் காலால் உதைப்பது ஆம்பிளைப் பையன்களின் வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தெருவில் உருண்டு வந்த பந்தை ஒரு எத்து எத்தினேன். "பொட்டப்புள்ள எத்துற எத்தைப் பாரு" என்று என் அப்பத்தா திண்ணையில் இருந்து எழுந்தே வந்துவிட்டார். அப்பத்தாவைக் குறை சொல்லமாட்டேன். கால்பந்தைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரனே அப்படித்தான் இருந்தான். 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூல் நகரத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடிய ஆட்டத்தைப் பார்க்க சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. இந்த ஆட்டம் பெண் உடம்புக்கு ஒவ்வாது என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தடை போக ஏறத்தாழ 50 வருஷம் ஆனது. ஆக, நாம் இங்கே தாவணியைச் சொருகிக்கொண்டு த்ரோபால் ஆடிய காலத்தில்தான் அங்கேயே பெண்கள் மறுபடி மைதானத்துக்குள் வந்திருந்தார்கள். அப்பத்தா அப்படி ஒன்றும் பிந்தியவர் இல்லை.

நான் வேலையில் சேர்ந்த பிறகு பார்த்த சங்கடம் வேறு. ஆறாவது ஏழாவதில் மானாகத் துள்ளி ஓடுகிற பிள்ளை, எட்டாவதில் ஒரு நாள் வராது. பத்துப் பதினைந்து நாள் கழித்து வரும். காதில் புதுத் தோடு, தலையில் பூ. "என்னடி?" என்றால் மற்ற பிள்ளைகள் சிரிக்கும். சடங்கு முடிந்திருக்கும். அதோடு மைதானத்துக்கும் அவளுக்கும் உறவு முடிந்துவிடும். டவுசர் போடக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது, மணி அஞ்சானால் வீடு வந்து சேரணும். நான் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. டவுசருக்குப் பதில் டிராக் பேண்ட் என்று சமாதானம் பேசினேன். 2011-12-க்குப் பிறகு அரசு 'புதுயுகம்' திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் கொடுக்க ஆரம்பித்தது பெரிய உதவி. ஆனால் அதை மாற்ற ஒரு கதவுள்ள கழிப்பறை வேண்டுமே! அது இல்லாத மைதானங்களில் நாலு பிள்ளைகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்து மறைப்பு கட்டுவார்கள். அந்த மறைப்புக்குப் பின்னால் தயாராகி வந்துதான் எங்கள் பிள்ளைகள் கோல் அடித்தார்கள்.

ஆகவே பெண்பிள்ளை பந்து ஆடலாமா கூடாதா என்று இந்தச் சபையில் நான் விவாதம் பண்ணப் போவதில்லை. அது முடிந்துபோன வழக்கு. முடித்து வைத்தது நம் ஊர்ப் பிள்ளைகளேதான். மணிப்பூரைத் தவிர வேறு மாநிலம் ஜெயிப்பதே அபூர்வம் என்றிருந்த தேசிய மகளிர் சீனியர் கோப்பையை 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையே 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் தடவையாகக் கொண்டு வந்தது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் தடவை. நடுவில் 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் நம் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தது. மதுரை என்றால் மல்லிகைப்பூ, மீனாட்சி, ஜிகர்தண்டா என்று அடுக்குகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே 2019 தீபாவளிக்கு 'பிகில்' படம் வந்தது. படத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, இங்கே வேண்டாம். ஆனால் அந்தப் படத்துக்கு அப்புறம் பந்து கேட்டு வந்த பிள்ளைகள் அதற்கு முன்னால் வந்ததில்லை என்று இப்போது வேலையில் இருக்கிற டீச்சர்கள் சொல்கிறார்கள்.

ஆடலாம் என்று ஆகிவிட்டது. எங்கே ஆடுவது, யாரை நம்பி ஆடுவது என்பதுதான் இப்போது வீட்டு வாசலுக்கு வருகிற கேள்வி.

பள்ளிக்கூட அணிக்காக நான் வக்காலத்து வாங்குவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். வாங்குவேன். பள்ளி அணியில் ஆடுகிற பிள்ளை தன் வகுப்புத் தோழிகளோடு ஆடுகிறாள். நன்றாக ஆடுகிறவளும் சுமாராக ஆடுகிறவளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போகிறாள். டீச்சருக்கு அவள் அப்பா யார், குடிப்பாரா மாட்டாரா, வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா எல்லாம் தெரியும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே போனால் சர்டிபிகேட் கிடைக்கும். அந்தச் சர்டிபிகேட்டை லேசாக நினைக்காதீர்கள். என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு வேலையில் 3 சதவீதம். கூலி வேலை பார்க்கிற வீட்டில் பந்து ஆடுவதற்கு அனுமதி வாங்க, எனக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் அந்தக் காகிதம்தான்.

ஆனால் பள்ளி அணியின் குறையை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வது? குறுவட்டப் போட்டி நாக்-அவுட். முதல் மாட்ச்சில் தோற்றால் அந்த வருஷம் அவ்வளவுதான். அறுபது நிமிஷத்துக்காக ஒரு வருஷம் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவார். வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. புவனேஸ்வரத்தில் நம் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 8, மொராக்கோவிடம் 3, பிரேசிலிடம் 5 என்று 16 கோல் வாங்கினார்கள். ஒரு கோல்கூடப் போடவில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன். அந்தப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று சொல்லவே மாட்டேன். வாரா வாரம் மாட்ச் ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கும், முகாமில் கூட்டி வைத்துப் பழக்கிய பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் அது என்றுதான் எனக்குப் படுகிறது. பள்ளிக்கூடம் மட்டும் நம்பினால் அந்த வாரா வாரம் மாட்ச் கிடைக்காது. கிளப்பில் கிடைக்கும்.

கிளப்பில் வேறொன்றும் கிடைக்கிறது. பணம். இந்திய மகளிர் லீக்கில் ஆடுகிற ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷம் 3.2 லட்சமாவது சம்பளம் தரவேண்டும் என்று அகில இந்தியச் சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. ஆண்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் அது பஸ் டிக்கெட் காசு. ஆனால் சிட்கோவில் ஷிப்டு பார்க்கிற தகப்பனுக்கு அது சின்னத் தொகை இல்லை. கடலூர் இந்துமதி கதிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். சேது அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ல் கொரோனா ஊரடங்கில் பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் நின்றார். அதே கடலூரில் சுனாமிக்குப் பிறகு, தாய் தகப்பன் ஆதரவு இல்லாத பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து பழக்கியவர் பயிற்சியாளர் மாரியப்பன். அதைப் பள்ளிக்கூடம் என்பதா, கிளப் என்பதா? பிள்ளைகளுக்கு அது வீடாகவும் இருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வீட்டில் ஒரு பேத்தி. அவளும் கிளப்பில் பந்து ஆடுகிறாள். அங்கே இந்தச் சண்டை நம்மைவிட முற்றிப் போயிருக்கிறது. 1972-ல் 'டைட்டில் ஒன்பது' என்கிற சட்டம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இப்போது 30 லட்சத்துக்கும் மேல். அந்தப் பெருக்கத்தை உண்டாக்கியது பள்ளிக்கூடம்தான். அப்புறம் கிளப்புகள் வந்தன. 2017-ல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் பெண்களுக்கு ஒரு மேம்பாட்டு அகாடமி லீக் ஆரம்பித்தது. அதில் சேருகிற பிள்ளை தன் பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்று விதி. என்ன அநியாயம் பாருங்கள், சொந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆடக்கூடாதாம்! நிறையப் பிள்ளைகளும் பெற்றோர்களும் அதை ஏற்கவில்லை. 2020 ஏப்ரலில் அந்த லீக்கையே மூடிவிட்டார்கள். கொரோனாவும் பணமும் காரணம் என்றார்கள். பேத்தியிடம் "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன். "கிளப்புல நல்லா ஆடக் கத்துக்கறேன் பாட்டி, ஸ்கூல்ல ஆடினாத்தான் எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்துவாங்க" என்றாள். நான் 32 வருஷம் கண்டுபிடிக்காத பதிலைப் பன்னிரண்டு வயசில் சொல்லிவிட்டாள்.

இப்போது காபி ஆறுவதற்குள், அந்த 2010-க்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளி, பள்ளிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் அரையிறுதி வரைக்கும் வந்திருந்தது. அதற்கு முன் வந்ததே இல்லை. இந்தப் பிள்ளை பள்ளிக்கும் ஆடினாள், மதுரையில் ஒரு கிளப்புக்கும் ஆடினாள். எங்கள் மாட்ச்சுக்கு இரண்டு நாள் முன்னால் கிளப்புக்காக ஒரு மாட்ச். அது முடிந்து வந்தவள், "முட்டி லேசா வீங்கியிருக்கு டீச்சர்" என்றாள். நான் தைலம் தேய்த்தேன். கிரேப் பேண்டேஜ் சுற்றினேன். "அரை மணி நேரம் சமாளிச்சுரு தங்கம், அப்புறம் மாத்திக்கிறேன்" என்றேன். மாற்றவில்லை. 1-1 என்று இருந்தது, எப்படி மாற்றுவேன்? இரண்டாவது பாதியில் தலையால் முட்ட எகிறி, ஒற்றைக் காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

ஆட்டோவில் போட்டு அழைத்துப்போனோம். டாக்டர் தசைநார் அறுந்திருக்கும், ஸ்கேன் பார்க்கவேண்டும் என்றார். வீட்டில் பணம் இல்லை. கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மூன்று கட்டுப் போட்டார்கள். கிளப் பயிற்சியாளர், "உங்க மாட்ச்லதானே டீச்சர் அடிபட்டுச்சு" என்றார். நான், "உங்க மாட்ச்லதானே சார் வீங்குச்சு" என்றேன். இரண்டு பேரும் ரொம்ப நியாயமாகப் பேசினோம். அணி ரெண்டு, கால் அவளுக்கு ஒண்ணுதான் என்பதை இரண்டு பேருமே நினைக்கவில்லை. அவள் அதற்கப்புறம் ஆடவில்லை. நான் அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. இன்றைக்குத்தான் மைக்கில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். கால்பந்தில் முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் அறுந்துபோவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயசுக்கு வந்த பிறகு இடுப்பு அகலமாகிறது, உயரம் கூடுகிறது, தொடைத் தசைக்கு அதே அளவு வலு ஏறுவதில்லை. எகிறி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறது. இதற்கு மருந்து கிடையாது, பழக்கம் உண்டு. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று 20 நிமிஷ வார்ம்-அப் ஒன்று வைத்திருக்கிறது. பெரிய கருவி வேண்டாம், காசு வேண்டாம். மெதுவோட்டம், தொடைப் பின்தசைக்குப் பயிற்சி, உட்கார்ந்து எழுவது, எகிறி இரண்டு காலில் மெத்தென்று இறங்குவது. நார்வேயில் 13 முதல் 17 வயசுப் பெண்பிள்ளைகள் 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த வார்ம்-அப்பைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதி குறைந்தன. 2008! என் பிள்ளை விழுந்தது 2010-ல். இரண்டு வருஷம் முன்னாலேயே விடை அச்சாகிவிட்டது. எனக்கு வந்து சேரவில்லை. நான் தேடவும் இல்லை.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயசுக் கால்பந்து வீராங்கனை ஒருத்தி, முட்டித் தசைநாருக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு சிக்கலாகிக் காலை இழந்து, அப்புறம் உயிரையும் இழந்தாள். பேப்பரில் படித்தீர்கள். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் மைதானத்துக்கு வருவது நின்றது தெரியுமா? அந்தத் தாய்மார்களை நான் எந்த வாயால் கூப்பிடுவேன்?

இன்னொன்று, சோறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயசுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கியது. நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. காலை ஆறு மணிக்குப் பந்து ஆட வருகிற ஒன்பதாவது பிள்ளை வெறும் வயிற்றில்தான் வருகிறாள். மத்தியானச் சத்துணவு வரைக்கும் தாங்கவேண்டும். கிளப் ஹாஸ்டலில் முட்டை, பால், சுண்டல் எல்லாம் தருவதாகச் சொல்வார்கள். தருகிறார்கள், பல இடங்களில். ஒரு கிளப்பின் கோடை முகாமுக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு தட்டு முட்டை. முப்பதுதானே ஒரு தட்டு? மீதிப் பத்துப் பிள்ளைகள் யார் என்று கேட்டேன். ரிசர்வ் பிள்ளைகளாம். ரிசர்வ் பிள்ளைக்கு முட்டை கிடையாது.

சரி. காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசில் பதிலைத் தயார் பண்ணிவிட்டேன். "பத்தாவது பரீட்சை முடிகிறவரைக்கும் ஹாஸ்டல் வேணாம். பள்ளி அணிதான் அடித்தளம். சனி ஞாயிறு மட்டும் கிளப்புக்குப் போய்ப் பழகட்டும். ஒரு நோட்டுப் போடு. எந்த நாள் எத்தனை மணி நேரம் ஆடினா, எங்க வலிச்சதுன்னு அவளே எழுதணும். பி.டி. டீச்சரும் கிளப் கோச்சும் அதுல கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் பாத்தா, 'உங்க மாட்ச்சா எங்க மாட்ச்சா'ன்னு பேச்சு வராது. பதினொண்ணாவது வரும்போது ஹாஸ்டலுக்கு அனுப்பணும்னா, முதல்ல நீ போயி ராத்திரி அங்க எந்தப் பொம்பளை ஆளு தங்குறாங்கன்னு பாரு, அடுப்படியப் பாரு, கால் உடைஞ்சா யாரு செலவுன்னு எழுதி வாங்கு. பள்ளிக்கூடத்துக்கு ஆடக்கூடாதுன்னு சொன்னா அதையும் எழுதிக் கேளு. எழுதித் தரமாட்டாக."

நல்ல பதில்தானே? எனக்கும் திருப்தியாக இருந்தது. அதுவரை வாயே திறக்காத பிள்ளை அப்போதுதான் பேசினாள்.

"டீச்சர், எங்க பள்ளிக்கூடத்துல டீமே கிடையாது. நானும் இன்னும் ஆறு பேரும்தான். பி.டி. டீச்சர் போஸ்டிங் காலி. பசங்களுக்கு வெளியில இருந்து ஒரு அண்ணே வந்து சொல்லித் தாராரு. எங்களை ஓரமா ஆடச் சொல்லுறாக. கிளப்புக்குப் போனாத்தான் நான் பதினோரு பேரோட ஆட முடியும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பள்ளியா, கிளப்பா என்று நான் அத்தனை நேரம் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தராசில் ஒரு தட்டுதான் இருந்தது. அந்தத் தட்டுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அத்தைக்காரி என்னைப் பார்த்தாள். அவளும் எதுவும் சொல்லவில்லை. கால் மேல் கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் செய்கிற பழக்கம் போலிருக்கிறது.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் என்னைவிட இருபது வயசு சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், ஆளில்லாம நான் என்ன செய்வேன்? பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. அதே பயம் என்னிடம் 2010-ல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் வர்றேன், சம்பளம் வேணாம், பெற்றோர்கள் சம்மதக் கடிதம் வாங்கித் தர்றேன்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று நாள் யோசித்தார். அப்புறம் சரி என்றார்.

ஏழு பேர் இருந்தார்கள். மீதிக்கு எங்கே போவது? கபடி ஆடுகிற பிள்ளைகளிடம் போனேன். நம் பக்கத்தில் கபடிப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஒருத்தியைக் கோல்கீப்பர் ஆக்கினேன். பந்தைப் பார்த்தால் காலைப் பிடித்து மடக்குவதுபோல் பாய்கிறாள். அற்புதமான கோல்கீப்பர். இன்றைய தேதிக்குப் பதின்மூன்று பேர். அதில் நாலு பேர் வெறுங்காலில்தான் ஆடுகிறார்கள். கருவேலமுள்ளை நான்தான் முதல்நாள் சாயங்காலம் பொறுக்கினேன். ஷின் கார்டு ஐந்து ஜோடிதான் இருக்கிறது. முன்னால் ஆடுகிறவர்களுக்கு ஒன்று, பின்னால் ஆடுகிறவர்களுக்கு ஒன்று என்று ஒற்றை ஒற்றையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சங்கத்தின் பொருளாளர் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகிறாள். ஹாஸ்டலுக்கு இன்னும் போகவில்லை. போகலாம். பத்தாவது முடிந்து அவள் போகிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன். நோட்டுப் போட்டாயிற்று. கிளப் கோச் முதலில் சிரித்தாராம், "இது என்ன பால் கணக்கா?" என்று. இப்போது கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் அதில், 'இடது கணுக்கால் பிடிப்பு, நாளை பள்ளியில் ஓடவிட வேண்டாம்' என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார். நான் அவளை ஓடவிடவில்லை. ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுதினாள்.

சனிக்கிழமை வார்ம்-அப்பை நான் எடுப்பதில்லை. எனக்கு வயசாகிவிட்டது, எகிறிக் காட்ட முடியாது. அத்தைக்காரி வருகிறாள். கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள். அப்படியே சைக்கிளில் வந்துவிடுகிறாள். அவளாலும் எகிற முடியாது. ஆனால் எப்படி இறங்கவேண்டும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்? பதின்மூன்று பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, எகிறச் சொல்லி, ஒவ்வொருத்தியின் முட்டியையும் குனிந்து பார்க்கிறாள். "ஏய், ரெண்டாவது ஆளு! முட்டி உள்ள போகுது பாரு. திரும்பக் குதி" என்று அவள் போடுகிற சத்தம் பைபாஸ் ரோடு வரைக்கும் கேட்கிறது.

குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. மதியம் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.